வாசலில் கேட்கக்கூடாத கேள்வி

என் வீட்டுக்காரர் முதுகுப்பை அடுக்குவதைப் பார்த்தால், இந்த ஆள் தீவுக்குப் போகிறாரா சண்டைக்குப் போகிறாரா என்று சந்தேகம் வரும். இரண்டு டார்ச், நைலான் கயிறு, மழைச்சட்டை, காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்கு மாத்திரை, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிய அடையாள அட்டை நகல், அறைக் கதவுக்கு அடியில் உள்பக்கமாகச் செருக ஒரு ரப்பர் ஆப்பு. பையின் தோள்வாரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விசில் தொங்கும். நாங்கள் குடியிருக்கும் தம்போயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. ஆபத்தைப் பற்றி யோசிப்பதற்கே சம்பளம் வாங்கி வாங்கி, லீவிலும் அதே புத்தி.

நான் ஜொகூர் பாருவில் ஒரு கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களைத் திட்டாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள். நாள் முழுக்க அடக்கிவைத்ததை எல்லாம் வீட்டுக்கு வந்து அவர்மேல்தான் கொட்டுவேன். பாவம், கேட்டுக்கொள்வார்.

லீவு கிடைத்தால் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, தெரியாத மலாய்க் கிராமத்தில், ஏதாவது ஒரு கம்பத்தில், ஓர் அறை எடுத்துத் தங்குவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. சொந்தக்காரர்களுக்கு இது பிடிக்காது. "நாலு கோயிலுக்குப் போனாலும் புண்ணியம். வெள்ளக்காரன் மாதிரி மூட்டையத் தூக்கிக்கிட்டு சுத்துதுங்க" என்று முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். எங்களோடு இருக்கும் என் மாமியார் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். எங்கே போகிறோம் என்று கேட்கக்கூட மாட்டார்.

கேட்க மாட்டார் என்றால், அது அந்த வீட்டுச் சட்டம். புறப்படுகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. வாய் தவறி யாராவது கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, புதிதாகப் புறப்பட வேண்டும். பல தமிழர் வீடுகளில் இருப்பதுதான். எங்கள் அம்மா வீட்டிலும் இருந்தது, ஆனால் அங்கே ஒரு முணுமுணுப்போடு போய்விடும். கல்யாணமான புதிதில் ஒருநாள் காலையில் இவர் பைக் சாவியை எடுத்தபோது, "எங்க கெளம்பிட்டீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டேன். அத்தை சமையலறையில் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டார்.

அன்று மாலைதான் இவர் எனக்குக் காரணம் சொன்னார். அவர்கள் பொந்தியான் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த காலம். இவர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். மாமா ஒருநாள் மோட்டார் சைக்கிளை எடுத்தபோது, அடுப்படியிலிருந்து அத்தை கேட்டிருக்கிறார், "எங்க போறீங்க?" என்று. அவர் பதில் சொல்லாமல் 'ச்சு' கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். பெரிய ரோட்டில் லாரி. சாவு வீட்டில் யாரோ ஒருத்தி, பிணத்தை வைத்துக்கொண்டே, "போற மனுசன எங்கன்னு கேட்டுட்டியேடி" என்று அத்தையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அந்த நாக்கு யாருடையது என்று தெரிந்தால் நான் இன்றைக்கும் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. "வரேன்" என்பார் இவர். "சரி" என்பார் அத்தை. நானும் அப்படியே பழகிவிட்டேன்.

மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மெர்சிங்கில் படகேறி ஒரு தீவுக்குப் போனோம். பெயர் எதற்கு, ஒரு ஜெட்டி, ஒரு சின்னக் கம்பம், தொழுகைக்கு ஒரு சூராவ், பின்னால் காட்டு மலை, அவ்வளவுதான். கடற்கரையில் மூன்று நான்கு மரவீடுகளை வாடகைக்கு விடும் மலாய்க்கார அம்மாவை எல்லாரும் மக்சிக் என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவருடைய புருஷனுக்கு ஒரு மீன்பிடிப் படகு. அவர் பக்சிக். ஆட்கள் வருவது நின்றுபோய் மற்ற வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஜெட்டியின் முனையில் போய் நின்றால்தான் போனில் லைன் வரும், சாயந்திரம் ஜெனரேட்டர் ஓடினால்தான் கரண்ட்.

அந்தக் கம்பத்தில் ஒரு தொல்லை. யாரைப் பார்த்தாலும், "நாக் கெ மானா?" எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். பல் விளக்கப் போனாலும் கேட்பார்கள், கடைக்குப் போனாலும் கேட்பார்கள், கடையிலிருந்து திரும்பி வந்தாலும் கேட்பார்கள். மலாய்க்காரர்கள் ஒருவரை ஒருவர் விசாரிக்கிற வழக்கம் அது என்று எனக்குத் தெரியாதா என்ன, இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவள்தானே. தம்போயிலும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், சிரித்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால் இங்கே வாசலைத் தாண்டுவதற்குள் நாலு பேர் கேட்டால்?

இவருக்குத் தாங்கவில்லை. போதாக்குறைக்கு ஏதோ ஒரு வீடியோவில், தெரியாத ஊரில் எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று அந்நியரிடம் சொல்லாதீர்கள் என்று ஒருவன் புத்தி சொல்லியிருக்கிறான். அதையும் மண்டையில் ஏற்றிக்கொண்டார்.

"பாத்தியா, எல்லாரும் நம்மள நோட்டம் விடுறாங்க" என்றார் முதல் நாளே.

"அலமாக், உங்ககிட்ட என்ன இருக்குன்னு நோட்டம் விடப்போறாங்க? ரப்பர் ஆப்பா?" என்றேன்.

யார் கேட்டாலும் "ஜாலான் ஜாலான்", சும்மா காலாற நடக்கிறோம் என்று மட்டும் சொல்வது என முடிவு செய்துகொண்டோம். கேட்டவர் கண்ணிலிருந்து மறைந்ததும் இவர் நைசாக அறைக்குத் திரும்பி, கட்டிலில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார். ஒரு கடற்கரைக்குப் போக மூன்று தடவை தண்ணீர் குடித்த மனுஷன்! நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். கணவாய் சம்பல், சோறு, வெளியே வெயில். கண் சொக்கியது. இவர் பாட்டிலில் தண்ணீர் நிரப்புகிற சத்தம் கேட்டது. வாசலில் நின்று, "வரேன்" என்றார். எனக்குக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டு, "ம், வாங்க" என்றேன். போய்விட்டார்.

விழித்தபோது அறை இருட்டாக இருந்தது. பொழுது போய்விட்டதா என்று பதறி எழுந்தேன். பொழுது இருந்தது, வானம்தான் கறுத்துக் கிடந்தது. தென்னை மட்டைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின. மத்தியானம் தூரத்தில் கிடந்த கடல் இப்போது படிக்குக் கிட்ட வந்து அடித்துக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் காணோம். பை கட்டிலடியில் கிடந்தது, விசில் அதன் வாரிலேயே தொங்கியது. டார்ச் இரண்டும் உள்ளே. மனுஷன் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் பாட்டிலோடு போயிருக்கிறார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று ஜெட்டிக்குப் போய்ப் பார்த்தேன். இல்லை. கடையில் இல்லை. சூராவ் பக்கம் இல்லை. ஜெட்டி முனையில் நின்று போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மக்சிக் வீட்டுக்கு ஓடினேன்.

மக்சிக் வாசலில் காயப்போட்ட துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் என்ன என்றார். சொன்னேன்.

"எங்க போறேன்னு சொன்னாரு?" என்று மலாயில் கேட்டார்.

"தெரியாது."

"சொல்லலையா?"

"இல்ல."

"நீ கேக்கலையா?"

"கேக்கல, மக்சிக்."

அவர் கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றார். கோபித்துக்கொண்டு போனாரா, சண்டையா என்று மெதுவாகக் கேட்டார். இல்லவே இல்லை என்றேன். "ஒம் புருசன்தானே, வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்றார். என்னத்தைச் சொல்ல? எங்கள் வீட்டு வழக்கத்தை அந்தக் காற்றில் நின்று எப்படி விளக்குவது? அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அந்த அம்மா அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. துணியை அப்படியே திண்டில் போட்டுவிட்டுப் பக்சிக்கைக் கூப்பிட்டார். கம்பத்து ஆண்களில் பாதிப் பேர் ஏதோ கல்யாணத்துக்கு மெர்சிங் போயிருந்தார்கள். பக்சிக்கோடு இன்னும் இரண்டு பேர்தான் வந்தார்கள். முன் பாதையில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. அந்த ஊரில் ஓர் ஆள் நடந்து போய் யாரும் பார்க்காமல் இருப்பது நடக்கிற காரியமே இல்லை என்று பக்சிக் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வந்தவர்களில் ஒருவர் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார். ஈரமண்ணில் செருப்புத் தடம். எனக்குத் தெரியாதா அந்தச் செருப்பை, தம்போய் சந்தையில் நான்தான் பேரம் பேசி வாங்கிக்கொடுத்தேன். பின்பக்கமாகப் போயிருக்கிறார். யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று, திருடன் மாதிரி கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன்.

கொட்டகையைத் தாண்டியதும் அந்தப் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மலைக்கு ஏறி மறுபக்கம் இறங்குவது. மற்றது கம்பத்துக்குப் பின்னால் வளைந்து, பாறைகள் கிடக்கும் கடலோரத்துக்குப் போவது. பிரிகிற இடத்தில் தரையெல்லாம் கல்லும் சருகும், தடம் ஒன்றும் இல்லை. அதற்குள் மழை விழத் தொடங்கிவிட்டது.

பக்சிக் மலையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். வந்து தங்குகிறவர்கள் எல்லாம் மலைக்குத்தான் போவார்கள், மேலேயிருந்து படம் எடுப்பார்கள், வழி தவறியிருப்பார், ஏறிப் பார்க்கலாம் என்றார். ஏறி இறங்கி வருவதற்குள் இருட்டிவிடும், அதற்குப் பிறகு அன்றைக்கு வேறு எங்கேயும் தேட முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"பாற பக்கம் போயிருந்தா?" என்று கேட்டேன்.

பக்சிக் கடலோரத்துப் பக்கம் கையைக் காட்டினார். தண்ணீர் வற்றியிருக்கும்போது பாறைகளைச் சுற்றி அடுத்த கடற்கரைக்கு நடந்தே போகலாம், ஏறிவிட்டால் அந்த இடம் முழுக்கக் கடல்தான், இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது என்றார். "நீந்தத் தெரியுமா அவருக்கு?" என்று கேட்டார்.

தெரியாது. எங்கள் இருவருக்கும் தெரியாது. மிதவைச் சட்டை இல்லாமல் படகில் ஏறமாட்டேன் என்று ஜெட்டியில் அடம்பிடிக்கிற ஆள் அவர்.

படகு ஒன்று, ஆட்கள் மூன்று, வெளிச்சமும் கொஞ்சம்தான் மிச்சம். மலையா, கடலா? தப்பான பக்கம் போனால் என் புருஷன் செத்துப்போவார். அப்போது என் தலைக்குள் ஓடியது இது ஒன்றுதான். கூடவே தம்போயில் வீட்டு வாசலில் நிற்கும் அத்தையின் முகமும் வந்தது. அவருக்குப் போன் போட்டு என்ன சொல்வேன்? எங்கே போனான் என்று அவர் கேட்கக்கூட மாட்டார்.

டார்ச் எடுத்துவர அறைக்கு ஓடினேன். பையை இழுத்து, டார்ச்சை எடுத்து, விசிலையும் வாரிலிருந்து பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, ஜன்னல் கட்டையில் ஒரு கண்ணாடித் தம்ளரைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர். நான் குடித்தது இல்லை. சாப்பிட்டதும் நான் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் படுத்தேன். அவர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனவர், தம்ளரில் எதற்குக் குடிக்க வேண்டும்?

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அரைத் தூக்கத்தில் கட்டில் கிரீச்சென்றது ஞாபகம் வந்தது. யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி. கனவு என்று நினைத்துப் புரண்டு படுத்திருக்கிறேன். கனவு இல்லை. போனவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்படியென்றால் யாரோ கேட்டிருக்கிறார்கள்! முதல் தடவை முன் பாதையில்தான் போயிருக்கிறார், யாரோ அவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இரண்டாவது தடவை கொட்டகைக்குப் பின்னால் போயிருக்கிறார்.

நான் மழையில் கத்திக்கொண்டே ஓடினேன். மலைப்பாதையில் கால் வைத்திருந்த பக்சிக்கின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இந்தக் கம்பத்தில் யாரோ ஒருவர் என் வீட்டுக்காரரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள், அவர்களைக் கண்டுபிடியுங்கள் என்று மலாயும் தமிழுமாகக் கத்தினேன். பயத்தில் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் அவர் நினைத்திருப்பார். உனக்கு எப்படித் தெரியும் என்றார். தம்ளர் என்றேன். அவருக்கு என்ன புரியும்?

மக்சிக்குக்கும் புரியவில்லை. ஆனால் அந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஓடினார். ஒவ்வொரு வாசலிலும், "அந்தத் தமிழ்க்காரர்கிட்ட நீ கேட்டியா? நீ கேட்டியா?" இல்லை, இல்லை என்றார்கள். கடைக்காரர் தான் மத்தியானம் தூங்கிவிட்டதாகச் சொன்னார். சூராவுக்குப் பக்கத்து வீடு பூட்டியிருந்தது. வெளியே கணவாய் காயப்போடுகிற தட்டி காலியாக நின்றது. இந்த வீட்டுக்காரி வெயில் நேரம் முழுக்க வாசலில்தான் இருப்பாள் என்று மக்சிக் சொன்னார். மழைக்குப் பயந்து கணவாயை எல்லாம் வாரிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே ஓடினோம்.

கதவைத் திறந்த அந்தப் பெண், மக்சிக் முடிப்பதற்குள்ளாகவே, "ஆமா, நான்தான் கேட்டேன்" என்றாள். "கையக் காட்டினாரு, பாறப் பக்கம். சொல்லிட்டு உடனே திரும்பி ரூமுக்குப் போயிட்டாரு லா. சரி, போகலபோலன்னு இருந்துட்டேன்."

எந்தக் கடவுளுக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜாலான் ஜாலான் என்று சொல்லித் தப்பிக்க அவளிடம் மட்டும் ஏன் அவருக்குத் தோன்றவில்லை? பிறகு கேட்டபோது, திடீரென்று கேட்டாள், உண்மை வாயில் வந்துவிட்டது என்றார்.

மற்ற இரண்டு பேரும் கரையோரமாகத் தேடிப் போக, பக்சிக் படகைத் தள்ளினார். நானும் வருவேன் என்றேன். வேண்டாம் என்றார். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மறுபேச்சுப் பேச நேரமில்லாமல் ஒரு மிதவைச் சட்டையை என்மேல் வீசினார். அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தடவை விழும்போதும் முதுகுத்தண்டு மண்டையில் இடித்தது. மழையில் கரை சரியாகத் தெரியவில்லை. நான் அந்த ஆரஞ்சு விசிலை வாயில் வைத்து ஊதினேன். மூச்சுத் திணறும்வரை ஊதினேன், நிறுத்திக் காது கொடுத்தேன், மறுபடி ஊதினேன். கடல் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. முதல் பாறைக் கூட்டம் போனது. அடுத்தது போனது. பக்சிக் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

அப்புறம் ஒரு குரல் கேட்டது. சொல் புரியவில்லை, ஆனால் தமிழ். அந்தக் கடலில் வேறு யார் தமிழில் கத்தப்போகிறார்கள்?

ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதைவிடக் கட்டிப்பிடித்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அலை வரும்போது இடுப்புவரை நனைந்தது. ஒரு காலை மடிக்காமல் நீட்டியே வைத்திருந்தார். பாறைகளில் சிப்பி கத்தியாக ஒட்டியிருந்தது, படகு கிட்டே போனால் மோதிக் கிழிந்துவிடும் என்று பக்சிக் சற்றுத் தள்ளியே நிறுத்தினார். இன்னொரு மிதவைச் சட்டையைக் கயிற்றில் கட்டி எறிந்தார். இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டார். மாட்டிக்கொண்டார். ஆனால் பாறையை விடவில்லை.

"குதிங்க!" என்றேன்.

"ஆழமா இருக்கும்!"

"ஆழமாத்தான் இருக்கும்! குதிங்க!"

"கால் செத்துப்போச்சு, அசைக்க முடியல!"

"இங்க வந்து அசைக்கலாம், கைய விடுங்க!"

பெரிய அலை ஒன்று வந்து அவர் தலைக்கு மேல் உடைந்தது. வடிந்தபோது அவர் இன்னும் அங்கேதான் இருந்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டு. இன்னும் ஒன்றோ இரண்டோ வந்தால் பிடி விட்டுப்போகும், அதுவும் பாறை பக்கமாக. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"உங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று கத்தினேன். "சொல்லுங்க! நான் என்னன்னு சொல்லுவேன்?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கையை விட்டார்.

தண்ணீருக்குள் போய் அவர் தலை வெளியே வருகிறவரை எனக்கு உயிர் இல்லை. பக்சிக் கயிற்றை இழுத்தார், நானும் இழுத்தேன். மீனை இழுத்துப் போடுகிற மாதிரி படகுக்குள் இழுத்துப் போட்டோம். உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு, நடுங்கிக்கொண்டே என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"என் விசில்" என்றார்.

ஓங்கி ஓர் அறை விடலாம் என்று வந்தது. பக்சிக் முன்னால் வேண்டாமே என்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

மக்சிக் வீட்டில் கம்பளியைப் போர்த்தி, சூடாக மைலோ கொடுத்தார்கள். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அடுத்த கடற்கரையில் நல்ல படம் எடுக்கலாம் என்று போயிருக்கிறார், திரும்பும்போது பாசியில் வழுக்கிவிட்டது, அப்புறம் கடல் ஏறிவிட்டது. விஷயம் அவ்வளவுதான்.

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் என்னிடம்.

"கேட்டிருந்தா திரும்பி வந்து தண்ணி குடிச்சிருப்பீங்க" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் கடல் இறங்கியிருந்தது. பக்சிக்கும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொள்ள, நொண்டிக்கொண்டே ஜெட்டிக்கு நடந்தார். வழி நெடுகக் கம்பமே நின்றது. நேற்றுச் சாயந்திரம் அவரைத் தேடிய ஆட்கள், எல்லாம் தெரிந்த ஆட்கள், இருந்தாலும் கேட்டார்கள், "நாக் கெ மானா?" இவர் ஒருவரையும் விடவில்லை. மெர்சிங், அங்கேயிருந்து பஸ், ஜொகூர் பாரு, அப்புறம் தம்போய், வீடு, அம்மா காத்துக்கொண்டிருப்பார். கணவாய்ப் பெண்ணிடம் இதை இரண்டு தடவை சொன்னார்.

வீட்டில் அத்தை காலைப் பார்த்தார். பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்றார் இவர். அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம் என்று பஸ்ஸிலேயே என்னிடம் சொல்லிவைத்திருந்தார். நானும் சரி என்றிருந்தேன். இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் அத்தை பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாறை, கடல், விசில், தம்ளர், எல்லாம்.

"யாரோ ஒரு பொம்பள எங்க போறீங்கன்னு கேட்டா, அத்தை. அவ கேட்டதாலதான் உங்க மகன் உசுரோட வந்தாரு" என்றேன். "கேட்டதால யாரும் சாகல. அன்னைக்கும் கேட்டதால சாகல."

அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை. அத்தை தலை நிமிரவில்லை. மிச்சமிருந்த காயையும் ஒரே அளவாக நறுக்கி முடித்தார். கழுவி, அடுப்பில் வைத்தார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். போச்சு, இனி இந்த ஜென்மத்தில் என்னை மன்னிக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கால் சரியாகி இவர் மறுபடி வேலைக்குக் கிளம்பிய காலை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பைக் சாவியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல, "வரேன்மா" என்றார். நான் அவருடைய சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தேன். சமையலறையிலிருந்து அத்தை வந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். வாயைத் திறந்தார், மூடினார்.

"எங்கடா போற?" என்றார்.

இவருடைய ஒரு கால் தன்னால் வீட்டுக்குள் திரும்பியது. இத்தனை வருஷப் பழக்கம், போகுமா? பாதியில் நின்றார். என்னைப் பார்த்தார். திரும்பி வந்து தண்ணீர் குடித்தால் இந்தக் கிழவி செத்துப்போவாள் என்று எனக்குத் தோன்றியது.

"வேலைக்கும்மா" என்றார். "ஃபேக்டரிக்கு."

"எந்தப் பக்கமா?"

"கோயில் முன்னாடி போயி, சிக்னல்ல திரும்பி, பெரிய ரோட்டுல கொஞ்ச தூரம். அப்புறம் ஃபேக்டரி சந்து."

"பெரிய ரோட்டுல லாரி வருமேடா."

"ஓரமாத்தாம்மா போவேன்."

"எப்ப வருவ?"

"சாயந்திரம் வந்துடுவேன்மா. லேட்டானா போன் பண்றேன்."

அத்தை தலையை ஆட்டினார். பைக் தெருமுனை திரும்பிச் சத்தம் மறைகிறவரை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"சொல்லிட்டுப் போறான்மா" என்றார்.